ஏழாவது ஆளின் வலது கை

ஒவ்வொரு ரவுண்டு முடிந்ததும் அவர் குத்து வாங்கும் பஞ்சுப் பேடுகளில் வலது கையில் இருப்பதை மட்டும்தான் கழற்றுவார். பட்டையைப் பல்லால் கவ்வி இழுத்து, கையை உருவி, உள்ளங்கையை வாயருகே கொண்டுபோய் ஊதுவார். விரல்களை மடக்கி விரிப்பார். சிவந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பார். இடது கைப் பேட் அப்படியே இருக்கும். தண்ணீர் பாட்டிலை இடது அக்குளில் இடுக்கிக்கொண்டு வலது கையால் மூடியைத் திருகுவார். சோம்பல் என்றுதான் நினைத்திருந்தோம்.

"அந்தக் கைய பேடோட சேத்தே பெத்தாங்களாண்ணே?" என்று வெல்டர் கேட்பான்.

"ஆமா. எங்கம்மாவுக்கு ரெட்டைப் பிரசவம்" என்பார்.

பாக்ஸிங் கிளப்பில் பேட் பிடிப்பது அவர் வேலை. நாங்கள் குத்துவோம், அவர் வாங்குவார். அதனால் சுவரண்ணன் என்று பெயர். அவரைவிட வயதில் இளைய மாஸ்டரும் அப்படித்தான் கூப்பிடுவார். பகலில் அவர் பேக்கரியில் அடுப்பிலிருந்து ரொட்டித் தட்டுகளை இழுப்பவர். அதே பேக்கரியில் ரொட்டியை அறுத்து உறையில் போடுவது என் வேலை. நான் யாரோடும் பேசாமல் இருப்பதைப் பார்த்து, "பேச வரலன்னா விடு, குத்தவாவது கத்துக்கோ" என்று என்னைக் கிளப்புக்கு இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். ஒரு மோட்டார் பட்டறையின் மாடி அது. கீழே எஞ்சினை முடுக்கினால் மேலே தொங்கும் மணல் பைகள் லேசாக நடுங்கும்.

அறுபது கிலோ பிரிவில் ஒன்பது பேர் இருந்தோம். யார் அடி எத்தனையாவது என்று முடிவு செய்வது சுவரண்ணன். மாஸ்டருக்குக் கால்கள்தான் கண்ணில் படும். எவன் எங்கே காலை வைக்கிறான், எப்போது நகர்கிறான் என்பதை மட்டும் பார்ப்பார். அடியின் கனம் அண்ணனுடைய இலாகா. "பாத்தாத் தெரியாது. வாங்குனாத்தான் தெரியும்" என்பார். அதற்குமேல் எவனும் வாதாடியதில்லை.

முதலிடம் வெல்டருக்கு. இடது கைக்காரன். "கதவிடுக்குல விரல் மாட்டுன மாதிரி இருக்குடா." இரண்டாவது, சுவருக்குப் பெயின்ட் அடிக்கும் ஒருவன். அவனும் இடது கைக்காரன். மூன்றாமவனுக்கு வலது கைதான் பழக்கம் என்றாலும், பக்கவாட்டில் வீசுகிற இடது கை அவனுக்குப் பேர் போனது. இப்படியே இறங்கி வந்தால் ஏழாவது, கொரியர். வீடு வீடாகப் பார்சல் கொடுப்பவன். நெட்டையாக, ஒல்லியாக இருப்பான். ஹெல்மெட் அழுத்திய கோடு நெற்றியில் எப்போதும் தெரியும்.

"நீ குத்தலடா, தள்ளுற. கூட்டத்துல பஸ் ஏறுற மாதிரி" என்பார் அண்ணன். அவன் தலையை ஆட்டிவிட்டுப் பைக்குத் திரும்பிப் போவான். அவன் குத்தினால் பை வேறு யார் குத்தியதைவிடவும் அதிகமாக ஆடும். "பாத்தியா, தள்ளுனாத்தான் அப்படி ஆடும்" என்று அதையும் அவன் கணக்கிலேயே எழுதுவார்.

எனக்கு எண்ணே கிடையாது. "உன் அடி அடி மாதிரி இல்ல தம்பி. பக்கத்துல வந்து நலம் விசாரிச்சுட்டுப் போற மாதிரி இருக்கு."

இந்த வரிசையை வைத்துத்தான் மாஸ்டர் பயிற்சிச் சண்டைக்கு ஜோடி சேர்ப்பார். புதிதாக வந்தவனுக்கும் அடிபட்டுத் திரும்பியவனுக்கும் கீழேயிருந்து ஆள் கொடுப்பார்கள்.

அடிபட்டுத் திரும்பியவன் அப்போது ஒருவன்தான் இருந்தான். சுவரண்ணனின் தங்கை மகன். அண்ணன் குடியிருக்கும் கட்டடத்திலேயே கீழ் வீட்டில் அம்மாவோடு இருக்கிறான். முந்தைய வருஷம் வெளியூர்ப் போட்டி ஒன்றில் கன்ன எலும்பு உடைந்து, உள்ளே தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். இனி ஆடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாதான் ஒத்துக்கொள்ளவில்லை. பேச அண்ணன் போனபோது, பேக்கரியிலிருந்து கூடவே வந்த நானும் உள்ளே போனேன். அந்த அம்மா துணி தைத்து, தேய்த்துக் கொடுப்பவர். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தாமலே கேட்டார்.

"யாரோட விடப் போற?"

"கொரியர்காரப் பையன். ஏழாவது ஆளு. அவன் அடி பட்டா சட்டை கசங்கும், அவ்வளவுதான்."

"சட்டை கசங்குனா நான் தேச்சுக்குவேன். கன்னத்த யாருண்ணா தேய்ப்பா?"

"என் கையால தினம் வாங்குறேன். எனக்குத் தெரியாதா?"

அந்த அம்மா சட்டையை மடித்து அடுக்கில் வைத்தார். "உன் வார்த்தைக்காகத்தான் அனுப்புறேன். வேற யாரு சொல்லியிருந்தாலும் விட மாட்டேன்."

சனிக்கிழமை சாயங்காலம் அவரும் வந்தார். பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். முதல் ரவுண்டில் மருமகன் நன்றாகவே ஆடினான். மாமாவைப் பார்த்து ஒருமுறை கண்ணடித்தான். இரண்டாவது ரவுண்டின் நடுவில் கொரியர் ஒரு காலை முன்வைத்து வலது கையை நேராக விட்டான். தலைக்கவசத்துக்கு மேல்தான் பட்டது. சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ஈரத் துணியைத் தரையில் வைத்த மாதிரி. மருமகனுக்கு முழங்கால் மடங்கவில்லை. நின்ற நிலையிலேயே, சுவரில் சாய்த்து வைத்த பலகை சரிவதுபோலச் சரிந்தான்.

யாரும் நகரவில்லை. நாற்காலியிலிருந்து கைப்பை விழுந்த சத்தம் கேட்டது. கொரியர் தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். யாரோ அதை அவனிடம் கொடுத்து வைத்திருக்கச் சொன்ன மாதிரி.

முதலில் அசைந்தவர் சுவரண்ணன். ஆனால் மருமகனிடம் போகவில்லை. கயிற்றுக்குள் நுழைந்து கொரியரின் கையைப் பிடித்தார்.

"கிளவுஸுக்குள்ள என்னடா வச்சிருக்க?"

"ஒண்ணுமில்லண்ணே."

"உன் அடி எனக்குத் தெரியும். இது உன் அடி இல்ல."

மருமகனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டு, மாஸ்டர் கொரியரின் கைக்கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். துணியை முகர்ந்து பார்த்தார். கிளவுஸின் பஞ்சை ஓரம் ஓரமாக அழுத்திப் பார்த்தார். எதுவும் இல்லை. ஆனால் கேள்வி வாயைவிட்டு வெளியே வந்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் கீழ்ப் பட்டறையில்கூட "கையில இரும்பு வச்சு அடிச்சானாம்" என்று பேசிக்கொண்டார்கள். தகடு நகரவில்லை என்றும், ஆனால் இந்த ஜென்மத்துக்கு இனிக் குத்துச்சண்டை கிடையாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

"சந்தேகம் விழுந்த ஆளை நான் எப்படி வச்சுக்கறது? நீயே ஒதுங்கிக்கோ" என்றார் மாஸ்டர்.

கொரியர் மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தவன். அவன் சேர்ந்தாற்போல் நாலு வாக்கியம் பேசியதை அன்றுதான் கேட்டேன். "போறேன் மாஸ்டர். ஆனா திருட்டுப் பட்டத்தோட போக மாட்டேன். கையக் கட்டாம, எல்லார் முன்னாடியும் அண்ணன் பேட்ல அடிக்கிறேன். நான் எப்பவும் எப்படி அடிப்பேன்னு அவரே சொல்லட்டும்."

அண்ணன் பேடுகளை மாட்டினார். அவருக்கு முகம் இறுகியிருந்தது. கொரியரின் வலது கை, எதிரே நின்றவரின் இடது கைப் பேடில் விழுந்தது. இரண்டு முறை, மூன்று முறை.

"பாருங்க. இதுதான் இவன் அடி. வெறும் தள்ளல். இத வாங்கி எவனும் விழ மாட்டான்" என்றார்.

நான் மிகப் பக்கத்தில் நின்றிருந்தேன். ஒவ்வொரு அடிக்கும் அண்ணனின் முழங்கை விலாவைத் தாண்டிப் பின்னால் போய்வந்தது. அவர் முகத்தில் மட்டும் எதுவும் நடக்கவில்லை. மாஸ்டரும் முதல்முறையாகக் கால்களை விட்டுவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேடக் கொஞ்சம் குடுங்கண்ணே."

மாஸ்டர் மாட்டிக்கொண்டு, "அதே மாதிரி அடி" என்றார். ஒரே அடி. மாஸ்டரின் கை பின்னால் பறந்து அவர் காதிலேயே மோதியது. பேடைக் கழற்றிக் கையை உதறினார், மறுபடி உதறினார். கீழே பட்டறையில் யாரோ சிரித்தது தெளிவாகக் கேட்டது.

சுவரண்ணன் பேடுகளைத் திரும்ப வாங்கி மாட்டினார். "பேட மாத்தி அடி. உன் வலது கை என் வலது கையில விழணும்."

விழுந்தது. அவர் அந்தக் கையைப் பேடோடு நெஞ்சில் அழுத்திக்கொண்டார். பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்து வெல்டரைக் கூப்பிட்டார்.

"உன் இடது கைய என் இடது பேட்ல போடு. முழுசாப் போடு."

வெல்டர் போட்டான். முதலிடத்துக்காரனின் அடி.

"போட்டியா?"

"போட்டுட்டேண்ணே."

அண்ணன் இடது கைப் பேடைக் கழற்றினார். நாங்கள் அந்த உள்ளங்கையை அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. நடுவில் ரத்தம் கட்டி வீங்கியிருந்தது. விரல்களின் உட்பக்கமெல்லாம் சின்னச் சின்னத் தீக்காயங்கள், சில பழையவை, ஒன்று அந்த வாரத்துடையது. பேக்கரியில் அவர் துணியே பிடிக்காமல் அந்தக் கையால் தட்டு இழுப்பதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். உழைத்துக் காய்த்த கை என்று நினைத்தேன். அவரும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

"அவன் கையில ஒண்ணும் இல்ல மாஸ்டர். என் கைக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. வரிசையில் முதல் மூன்று பேரும் இடது கையால் அடிப்பவர்கள். அவர்களுடைய அடி விழுந்தது அவருடைய வலது கையில், உயிர் இருந்த கையில். வலது கையால் அடித்த மற்ற எல்லாரும் மரத்துப்போன கையில் அடித்துவிட்டு, தங்கள் அடி லேசு என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

"தம்பி, நீயும் வா" என்று என்னை அழைத்தார். வலது கையை அவருடைய வலது பேடில் போட்டேன். இன்னும் ஏதோ வரப்போகிறது என்பதுபோல் கொஞ்சம் காத்திருந்தார்.

"உனக்கு மட்டும் நான் அநியாயம் பண்ணல."

யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

அங்கிருந்து அவரும் நானும் நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். தங்கையிடம் தானே சொல்ல வேண்டும் என்றார். வழியெல்லாம் இடது கை விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாகக் கிள்ளிக்கொண்டே வந்தார். மருமகன் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அம்மா வராந்தாவில் நின்றபடியே கேட்டுக்கொண்டார்.

"உன் கை உனக்கே தெரியலையாண்ணா?"

"தெரியல."

"எத்தனை நாளா?"

"அதுவும் தெரியல."

அவர் அண்ணனின் இடது கையை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். நகத்தால் உள்ளங்கையில் அழுத்தினார். அண்ணன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அழுத்துவது அண்ணனுக்குத் தெரியவில்லை என்று புரிந்ததும், அந்த அம்மா கையை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அண்ணன் அப்போதும் அங்கேயே நின்றார். கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது என்று பிறகு அதே ஆஸ்பத்திரியில்தான் சொன்னார்கள்.

அதற்குப் பிறகு அவர் பேட் பிடிக்கவில்லை. பேக்கரியில் இரண்டு கைக்கும் துணி சுற்றிக்கொண்டு தட்டு இழுக்கிறார். கொரியர் கிளப்புக்குத் திரும்பினான். அவனோடு யாரை ஜோடி சேர்ப்பது என்றுதான் மாஸ்டருக்கு இன்னும் தெரியவில்லை.

மருமகனை அண்ணனே பேக்கரியில் கல்லாவில் உட்கார வைத்தார். ஒருநாள் கூட்டமில்லாத மதியத்தில், பழைய ரொட்டியைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டே, கேட்காமலே என்னிடம் சொன்னான்.

"அவன் அடி எனக்கு முன்னாடியே தெரியும்."

"யாரு அடி?"

"கொரியர். எனக்குக் கன்னம் உடையறதுக்கு முன்னாடி ஒருவாட்டி அவனோட ஆடுனேன். வயித்துல ஒண்ணு விட்டான். வீட்டுக்குப் போய் வாந்தி எடுத்தேன். அம்மாகிட்ட சாப்பாடு ஒத்துக்கலன்னு சொன்னேன்."

"மாமாகிட்ட சொல்லலையா?"

"அவன் ஏழாவது ஆளுடா. ஏழாவது ஆள் அடிச்சு வாந்தி எடுத்தேன்னு எப்படிச் சொல்றது? மாமா கைக்குத் தெரியாதா, நம்ம உடம்புதான் பூஞ்சைன்னு நெனச்சுக்கிட்டேன். வேணும்னா வெல்டரக் கேட்டுப் பாரு."

கேட்டேன். வெல்டர் ஒரு ஜன்னல் கம்பியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிராமல், கொரியரிடம் ஒன்று வாங்கிய பிறகு ஒரு வாரம் இடது பக்கம் வைத்து மென்றதே இல்லை என்றான். பெயின்ட்காரனும் வாங்கியிருக்கிறான் என்றான். மூன்றாமவனும்.