கம்ப்யூட்டர் விழிக்கும் வரை

தையல்காரம்மாவுக்குப் பகல் கனவு காண்பதுதான் முதல் வேலை, தையல் அதற்கு அடுத்தது. ஜன்னலோரம் மிஷின். அவளிடம் வருவதெல்லாம் பழைய துணிகள்தான்: ஜிப் போன பேன்ட், இடுப்புப் பிடிக்கிற கவுன், வார் அறுந்த பை. தெருவில் யார் பெருத்தார்கள், யார் இளைத்தார்கள் என்பது அவரவர் கண்ணாடிக்குத் தெரிவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். கால் பெடலை மிதிக்கும், கை துணியை நகர்த்தும், மனசு மட்டும் எங்கேயோ மேயப் போயிருக்கும். ஒருமுறை ஒரு வங்கிக்காரரின் பேன்ட் கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து ஒரே தையலாகப் போட்டுவிட்டாள். அந்த மனுஷர் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, நாளையிலிருந்து குதித்துக் குதித்தா வேலைக்குப் போவது என்று கேட்டார். பாவம், கோபித்துக்கொள்ளக்கூடத் தெரியாதவர்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் ஏலக்காரர். காலி செய்த வீடுகளிலிருந்து வரும் மேஜை, நாற்காலி, பீரோ, பீங்கான் தட்டு எல்லாவற்றையும் ஏலம் விடும் கூடத்தில் கூவுகிற உத்தியோகம். கூடத்தில் மைக் இருந்தது. அவர் அதைத் தொட்டதே இல்லை. அவர் தொண்டையைத் திறந்தால் தெருமுனையில் நிற்பவன் திரும்பிப் பார்ப்பான். அந்தத் தொண்டையைக் கூடத்திலேயே கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்கு வர முடியும்? அவள் ஏதாவது சொல்ல வாயெடுத்தால் போதும், பாதியிலேயே "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்" என்று உள்ளங்கையால் மேஜையில் ஒரு தட்டு. பேச்சு ஏலம் போயாயிற்று என்று அர்த்தம். வந்திருப்பவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், அவளும் சிரிப்பாள். கல்யாணமான புதிதில் அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. போகப்போக அது வெறும் பழக்கமாகிவிட்டது. நல்ல மனுஷர்தான், யார் இல்லையென்றார்கள்? அவளுக்குக் காய்ச்சல் என்றால் தானே கஞ்சி வைத்துத் தருவார். தரும்போதும் பேசிக்கொண்டேதான் தருவார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையை எடுத்தால் உயிர் நிற்கும் என்றார் டாக்டர். எடுத்தார்கள். கழுத்தில் மூச்சுக்கு ஒரு துளை வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் ஒருத்தி வந்து, அவர்களுடைய பழைய லேப்டாப்பில் ஒரு பென்டிரைவைச் செருகி ஏதேதோ தட்டினாள். இனிமேல் எழுத்தைத் தட்டினால் லேப்டாப் அதை வாய்விட்டுப் பேசும். போகிற போக்கில் அவள் பென்டிரைவைக் காட்டி, "உங்க குரல் இதுலதான் இருக்கு, பத்திரமா வச்சுக்கங்க" என்றாள்.

எடுத்து அலமாரியில் வையுங்கள் என்ற பொருளில்தான் அவள் சொல்லியிருப்பாள். இவர்கள் எடுத்துக்கொண்ட பொருளே வேறு. குரல் அதில் இருக்கிறதென்றால் அதைப் பிடுங்கலாமா? ஏலக்காரர் அதைச் செருகிய இடத்திலேயே விட்டு டேப் போட்டு ஒட்டினார். தையல்காரம்மா தன் பங்குக்கு ஒரு துண்டு வெல்வெட்டில் அதற்கு உறை தைத்து மாட்டினாள். யார் வந்தாலும், "அந்தப் பக்கம் கை வைக்காதீங்க" என்பதுதான் முதல் பேச்சு. அந்தப் பெண்ணோ வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப் போய்விட்டாள், எங்கே என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை.

லேப்டாப்பில் பேட்டரி பெயருக்குத்தான் இருந்தது. ராத்திரி கூடத்தைச் சாத்தும்போது எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு வந்து பழகிய மனுஷர், லேப்டாப்பையும் அணைக்காமல் படுக்க மாட்டார். ஆகவே தினமும் காலையில் அதை எழுப்ப வேண்டும். அது சோம்பேறிப் பிள்ளைபோல் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. கறுப்புத் திரை, நடுவில் கம்பெனி பெயர், அதற்குக் கீழே வட்டமாகச் சுற்றும் வெள்ளைப் புள்ளிகள். அது விழிக்கும்வரை ஏலக்காரருக்கு வாயில்லை. காகிதத்தில் எழுதிக் காட்டலாமே என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். வாயால் வாழ்ந்த ஆள் சீட்டு எழுதி நீட்டுவதா என்கிற வீம்பு அவருக்கு.

அந்த நேரத்தில்தான் அவள் பேச ஆரம்பித்தாள். முதலில் ஏதோ வாய் சும்மா இருக்க முடியாமல் சொன்னதுதான். ஜன்னல் வழியே வெயில் வந்து மேஜையின் பாதிவரை நீண்டிருந்தது. டீயில் ஆவி எழுந்தது. புள்ளிகள் சுற்றின. நேற்று ராத்திரி வீட்டுக்குள் மழை பெய்வதாகக் கனவு கண்டேன், ஆனால் ஒரு துணிகூட நனையவில்லை என்று சொன்னாள். சொல்லி முடித்தாள்! முடித்த பிறகுதான் அதுவே அவளுக்கு உறைத்தது. மேஜையில் தட்டு விழவில்லை. அவர் கோப்பையைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் தினமும் அதேதான். தைக்க வந்த கோட்டின் பையில் கிடந்த பழைய பேருந்துச் சீட்டைப் பற்றிச் சொன்னாள். அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு தான் ஒரு பேருந்தில் ஏறியதாகவும், அது கட்டடங்களைத் தாண்டி ஆற்றுக்கு மேலே மெல்லப் போனதாகவும், ஓட்டுநர் தூங்கிக்கொண்டே ஓட்டியதாகவும் கற்பனை செய்ததைச் சொன்னாள். சின்ன வயதில் யாருக்கும் சொல்லாத ஆசைகளைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அந்த அறையே மிதப்பதுபோல் இருந்தது. லேப்டாப் 'டிங்' என்று விழிக்கும். உடனே அவர் தட்டுவார், லேப்டாப் பெட்டி பேசும்: "மருந்து எங்க?" பகல் தொடங்கிவிடும். காலையில் சொன்னதைப் பகலில் இருவருமே தொடுவதில்லை, அப்படி ஒரு எழுதாத ஒப்பந்தம்.

அவளுடைய தம்பிக்கு ஆபீஸ் ஆபீஸாகப் போய்க் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் வேலை. மாமா காலையில் வாய் திறக்க இத்தனை நேரமா என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நாள் பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி, அதில் இருந்ததை எல்லாம் அப்படியே எஸ்எஸ்டி என்கிற புது வகை டிஸ்க்கில் நகலெடுத்துப் போட்டான். பழையதில் தட்டு சுற்றிச் சுற்றித் தேடும், புதிதில் சுற்றுகிற சங்கதியே இல்லை, கண் மூடித் திறப்பதற்குள் வந்துவிடும் என்று பெருமையடித்தான். பொத்தானை அமுக்கினார்கள். கண்ணை மூடினார்கள், திறந்தார்கள், டீ குடித்தார்கள், கோப்பையைக் கழுவி வைத்தார்கள். புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்தன. தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. தையல்காரம்மா மட்டும் முகத்தை மறைத்துக்கொண்டு நூல் கோத்தாள், ஏனென்றால் அவளுக்கு உள்ளூரச் சந்தோஷம். வெட்கக்கேடான சந்தோஷம்தான், ஆனாலும் சந்தோஷம்.

தம்பி விடுகிற ஜாதியில்லை. ஆபீஸுக்குப் போகும் வழியில் வந்து வந்து பார்த்தான். லேப்டாப் திறந்ததும் தானாக ஓடும் வேண்டாத புரோகிராம்களை எல்லாம் நிறுத்தினான். விண்டோஸை அப்டேட் செய்தான். எஸ்எஸ்டியைக் கழற்றி வேறு லேப்டாப்பில் போட்டுப் பார்த்தான், அங்கே அது பாய்ந்துகொண்டு ஓடியது. கடைசியில் தலையைச் சொறிந்துகொண்டே ஒன்றைக் கண்டுபிடித்தான். விண்டோஸ் தொடங்கிவிட்டால் மளமளவென்று வருகிறது. தாமதம் எல்லாம் அதற்கு முன்னால், கம்பெனி பெயர் தெரியும் கறுப்புத் திரையில். விண்டோஸைத் தொடுவதற்கு முன் லேப்டாப் வேறு எதையோ தட்டித் தட்டிக் கூப்பிடுகிறது, அது பதில் சொல்லாததால் காத்துக்கொண்டு நிற்கிறது. விண்டோஸை எதில் முதலில் தேட வேண்டும் என்கிற வரிசையையும் மாற்றிப் பார்த்தான், பலனில்லை. செருகியிருப்பதில் ஒன்றுதான் பாக்கி. அவன் பார்வை வெல்வெட் உறைமேல் போனது. ஏலக்காரர் சட்டென்று அதன்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

பென்டிரைவைப் பிடுங்கினால் குரல் போகுமா என்று பெட்டி கேட்டது. தம்பி பொய் சொல்லத் தெரியாதவன். சில புரோகிராம்கள் லேப்டாப்பிலேயே குடியேறிவிடும், சிலவற்றுக்குப் பென்டிரைவ் இருந்தால்தான் வாய் வரும், இது எந்த வகை என்று பிடுங்கினால்தான் தெரியும் என்றான். "ஒத்து வரலன்னா திரும்பச் செருகிடலாம் மாமா. ஆனா இது கிட்டத்தட்டச் செத்த கேஸு. ஒரு தரம் பிடுங்கிட்டா மறுபடி உயிரோட இருக்குமான்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன்." பெட்டி ஒரே சொல்லில் பதில் சொன்னது: "வேண்டாம்." அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இரண்டு குரலை இழக்க யாருக்குத்தான் தைரியம் வரும்?

காலைகள் பழையபடி நீண்டன. அவளுக்கு நாக்கு நன்றாகப் பழகிவிட்டிருந்தது, அதுதான் வினை. ஒரு நாள் மேகம் போட்டு அறை சாம்பல் நிறமாக இருந்தது. பாதித் தூக்கத்தில் பேசுவதுபோல் அவள் பேசிக்கொண்டே போனாள். போன வேகத்தில், தனக்குத்தானே சொல்லிக்கொள்ளாத ஒன்று வாயில் வந்துவிட்டது.

"டாக்டர் வந்து இனிமே குரல் வராதுன்னு சொன்னாரே, அன்னிக்கு நான் அழுதேன். பொய்யா அழலீங்க. ஆனா உள்ள ஒரு மூலையில, அப்பாடான்னு இருந்துச்சு."

சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் கையிலிருந்த கோப்பை பாதி வழியில் நின்றது. புள்ளிகள் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த நேரம் பார்த்து வாசலில் யாரோ துணியோடு கூப்பிட, அவள் எழுந்து ஓடியே போய்விட்டாள். பின்னால் லேப்டாப் விழித்த சத்தம் கேட்டது. அவள் திரும்பவில்லை.

அன்றிலிருந்து அவள் ஓடிக்கொண்டே இருந்தாள். அவர் விசைப்பலகையில் கை வைத்தால் போதும், இவள் பெடலை ஓங்கி மிதிப்பாள். பெட்டியின் மெல்லிய குரல் மிஷின் இரைச்சலில் அமுங்கிவிடும். தைக்கத் துணி இல்லாதபோது வெறும் துண்டுத் துணியில் தைத்தாள். சாப்பாட்டு நேரத்தில் குழாயைத் திறந்துவிட்டாள். காலையில் டீயைக் கொண்டுவந்து வைத்து, பால் புளித்துவிட்டது, எதிர்வீட்டுக் கதவு கிறீச்சிடுகிறது என்று நாலு வார்த்தை பேசிவிட்டு, புள்ளிகள் சுற்றும்போதே நழுவிவிடுவாள். அவர் பிடி கொடுக்காத ஆளாக இருந்த காலம் போய், இப்போது இவள் பிடி கொடுக்கவில்லை. அவர் என்ன சொல்வார் என்பது அவளுக்கு நிச்சயமாகத் தெரியும் என்று நினைத்தாள். என் கழுத்தை அறுத்தது உனக்கு நிம்மதியாடி என்று கேட்பார். அதைவிடக் கேட்காமலே மனசுக்குள் வைத்துக்கொண்டு இந்த மேஜையில் காலம் முழுக்க எதிரில் உட்கார்ந்திருந்தால்? தையலில் நூல் அறுந்துகொண்டே வந்தது. கனவுகூட வரவில்லை. துணியைப் பார்த்தால் வெறும் துணியாகத்தான் இருந்தது.

இப்படியே நாட்கள் போக, ஒரு காலை அவள் எழுந்து வந்தபோது தம்பி மேஜைக்கு எதிரில் உட்கார்ந்திருந்தான். மாமாதான் முந்தின நாள் வரச்சொல்லிச் செய்தி அனுப்பியிருந்தார். ஏலக்காரர் டேப்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்னங்க பண்றீங்க? குரல் போயிடப் போகுது."

தம்பியும் அதையே சொன்னான். மாமா, நல்லா யோசிச்சுக்குங்க, நான் கேரண்டி இல்லை என்றான். லேப்டாப் அணைந்திருந்ததால் அவர் பதில் சொல்ல வழியில்லை. அவர் அவளை ஒரு முறை பார்த்தார். ஜன்னலில் வெளிச்சம் இப்போதுதான் ஊறத் தொடங்கியிருந்தது. வெல்வெட் உறையோடு சேர்த்துப் பென்டிரைவைப் பிடித்து, ஒரே இழுப்பில் பிடுங்கி மேஜையில் வைத்துவிட்டார். பொத்தானை அமுக்கினார்.

டீ எடுத்து வருகிறேன் என்று அவள் திரும்பினாள். வழக்கமான ஓட்டம். ஆனால் அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு அறையின் கதவு நிலையைத் தொடுவதற்குள் பின்னால் 'டிங்' என்றது. இத்தனை நாள் அவளைக் காப்பாற்றிவந்த அந்த நேரம் இல்லாமல் போய்விட்டது. மிஷின் மூலையில் இருந்தது, குழாய் அடுப்படியில் இருந்தது, இரண்டும் எட்டாத தூரம். விசைப்பலகையில் அவர் இரண்டு விரலால் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. தம்பி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான், குரல் வருமோ வராதோ என்று. அவளும் கதவு நிலையில் கை வைத்தபடி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாள், வந்துவிடுமே என்று.

பெட்டி கரகரத்தது. அப்புறம் அதே ஒட்டாத, ஏற்ற இறக்கமில்லாத குரலில் சொன்னது:

"எனக்கும் அப்பாடான்னுதான் இருந்துச்சு."

தம்பி கையைத் தட்டினான். குரல் இருக்கு மாமா, லேப்டாப்பிலேயேதான் இருக்கு, இத்தனை நாள் இந்தச் செத்த பென்டிரைவைக் கட்டிக்கொண்டு அழுதோமே என்று சிரித்தான். ஆனால் இதென்ன வசனம், டெஸ்டிங்குக்கா என்று கேட்டான். ஏலக்காரர் இன்னும் தட்டிக்கொண்டிருந்தார்.

"கத்திக் கத்தி அலுத்துப்போச்சு. நிறுத்தத் தெரியல. யார்கிட்ட சொல்றது?"

தையல்காரம்மாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, துடைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை. இத்தனை வருஷம் பக்கத்திலேயே படுத்துக் கிடந்த மனுஷர். கூடத்தில் மேஜையும் நாற்காலியும் கூவி விற்றுவிட்டு, வீட்டிலும் கூவிக்கொண்டே இருந்தவர். அந்தச் சத்தத்துக்குள் ஒருத்தர் களைத்துப்போய் உட்கார்ந்திருந்தார் என்பது அவள் கண்ட எந்தக் கனவிலும் வந்ததில்லை. அவள் திரும்பி வந்து அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

அவர் தட்டத் தொடங்கினார். நீளமாகத் தட்டினார். அவள் பாதியில் ஒன்றும் சொல்லவில்லை. தம்பி பையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிப் போனான்.