ஒருவர் நீங்கலாக

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. குடியிருப்பில் எல்லோரும் அழைத்தது 'ஏகமனது சார்'. தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டு வருவார்.

முப்பத்தொரு வருடம் குடிநீர் அலுவலகத்தில் கூட்டக் குறிப்பு எழுதியவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே மேலதிகாரி சொல்லிவிட்டார்: "கூட்டத்துல என்ன நடந்ததுன்னு எழுதாதீங்க. என்ன முடிவாச்சுன்னு எழுதுங்க." அவர் எழுதினார். ஒவ்வொரு தீர்மானத்தின் கீழும் 'ஏகமனதாக நிறைவேறியது'. நாற்காலி உடைந்த கூட்டமும் அப்படித்தான் நிறைவேறியது. ஒருவர் சட்டையை இன்னொருவர் பிடித்துக்கொண்டிருக்கும்போதே மேசையில் காப்பி வந்துவிட்டது, பிடித்த கையாலேயே டம்ளரை எடுத்தார்கள், அதுவும் ஏகமனது. எல்லோருக்கும் பசி என்றால் ஏகமனது. வழக்கமாக எதிர்ப்பவருக்குத் தொண்டை கட்டியிருந்தால் ஏகமனது. ஒருமுறை கூட்டத்துக்கு வந்ததே இரண்டு பேர். அதில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவர் எதிர்க்கவில்லையே.

அவருடைய கல்யாணமும் ஏகமனதாகத்தான் முடிவானது. இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு காலை நேரத்தில் பேசி முடித்தார்கள். பெண்ணைக் கேட்கவில்லை என்பது பிறகு தெரிந்தது. தன்னையும் யாரும் கேட்கவில்லை என்பது அதற்கும் பிறகுதான் அவருக்கு உறைத்தது.

ஓய்வு பெற்றதும் குடியிருப்புச் சங்கம் அவரைப் பிடித்துக்கொண்டது. நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு. அவருடைய வீடு மனைவி பெயரில் இருந்ததால் ஓட்டு மனைவிக்குத்தான். அவருக்குப் பேனா மட்டும். பக்கத்துக்குப் பக்கம் எண்ணிட்ட நோட்டு ஒன்று வாங்கினார். சங்கத்துக்கு விதிகளும் அவரே எழுதிக் கொடுத்தார். ஏகமனதாக நிறைவேறிய தீர்மானம் மறுநாளே அமலுக்கு வரும். ஒரே ஒருவர் எதிர்த்தாலும் அடுத்த மாதக் கூட்டத்தில் மறுபடி வைக்க வேண்டும். நோட்டில் ஒரு சொல்லை அடித்தாலும் கூட்டத்துக்கு வந்த அத்தனை பேரும் பக்கத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். கடைசி விதி அவருக்கு மிகவும் பிடித்தது. அவர் எதையும் அடித்ததில்லை.

அடிக்காமலிருப்பதற்கு ஒரு வழி வைத்திருந்தார். கூட்டக் குறிப்பைக் கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதிவிடுவார்.

அந்த மாதத் தீர்மானம் ஒரே வரி: மொட்டைமாடிக் கதவைப் பூட்டிச் சாவியைச் செயலாளரிடம் வைப்பது. செயலாளர் பல் டாக்டர். நான்காவது மாடியில், மாடிப்படிக்கு நேர் கீழே வீடு. காற்றடித்தால் அந்தக் கதவு படீர் படீரென்று மோதும். மதியத் தூக்கம் போய்விடுகிறது என்று மூன்று மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு காலை, கீழ்த்தளக் கூடத்தில் பத்தொன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் படித்தார். கைகள் உயர்ந்தன. "எதிர்ப்பவங்க யாருமில்லை" என்று அவர் கேள்வியையும் பதிலையும் ஒரே மூச்சில் சொன்னபோது கடைசி வரிசையில் தனியாக ஒரு கை எழுந்தது.

"என்னம்மா, ஃபேனைக் குறைக்கணுமா?"

"இல்லைங்க. எதிர்க்கிறேன்."

ஏகமனது சார் திரும்பிப் பார்த்தார். அவருடைய மனைவி.

கூட்டம் கலைந்ததும் செயலாளர் அவர் தோளில் கை போட்டார். "சார், பூட்டு வாங்கிட்டேன். நல்ல பூட்டு. நோட்டுல எப்பவும்போல இருக்கட்டும். மத்ததை வீட்டுல பேசிக்குங்க."

வீட்டில் மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டீங்களா?"

"எழுதியாச்சு."

"எப்போ?"

"நேத்து."

கத்தி நின்றது. "நேத்தா? நான் இன்னிக்குத்தானே கை தூக்கினேன்?"

அவர் எதிர்க் கேள்விக்குத் தாவினார். "மாடியில உனக்கு என்ன வேலை?"

"ஒரு வேலையும் இல்லை. அதுக்குத்தான் போறேன்."

"நீ துணி எடுக்கப் போறேன்னு நினைச்சேன்."

"துணி பால்கனியில காயுதுங்க. அதுக்குக் கீழ உட்காந்துதான் நீங்க பேப்பர் படிக்கறீங்க. போன வாரம்கூட 'ஏன் சொட்டுது'ன்னு கேட்டீங்க."

அவருக்கு ஞாபகம் வந்தது. சொட்டியது.

"அஞ்சரையிலேருந்து ஆறு வரைக்கும். தண்ணித் தொட்டி ஓரமா உட்காருவேன். யாரும் 'சட்டை எங்கே, கண்ணாடி எங்கே'ன்னு கேக்க மாட்டாங்க. பதினெட்டு வருஷமாப் போறேன். நாளைக்குப் பூட்டுவாங்களாம், நான் போய் அந்த டாக்டர்கிட்ட, 'சாவி குடுங்க, சும்மா உட்காரணும்'னு கேக்கணுமாம்."

"அதை முன்னாடியே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? முந்தாநாளே எழுதியிருப்பீங்களா?"

பிறகு பீன்ஸைப் பார்த்தபடியே சொன்னாள்: "ஒரே ஒரு வார்த்தை. அடிங்க. என்னைக்குமே நான் இல்லாத மாதிரியேதான் எழுதியிருக்கீங்க. ஒரு தடவை இருக்கிற மாதிரி எழுதுங்களேன்."

அவர் நோட்டைத் திறந்தார், மூடினார். சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை. மூன்று மணிக்கு, பல் பிடுங்கக் கொடுப்பவர்போல் கண்ணை இறுக்கிக்கொண்டு, 'ஏகமனதாக' என்ற சொல்லின் மேல் கோடு கிழித்தார். மேலே எழுதினார்: 'ஒருவர் நீங்கலாக'.

இனி பதினெட்டுச் சுருக்கொப்பம். மனைவி முதல் ஒப்பத்தைப் போட்டுவிட்டிருந்தாள், பேனாவை அழுத்தி.

முதல் மாடியில் கைக்கடிகாரம் பழுது பார்ப்பவர். பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டியபடியே நோட்டைப் பார்த்தார்.

"ஒருவர்னா, அம்மாவா?"

"ஆமாம்."

"அப்போ இருவர்னு போடுங்க."

"நீங்க கை தூக்கினீங்களே!"

"எல்லாரும் தூக்கினாங்க. நான் மட்டும் என்ன, கையில்லாதவனா? சாப்பாட்டுக்குப் பின்னாடி மாடியில நடக்கலைன்னா எனக்குச் சக்கரை ஏறிடும் சார்."

"கூட்டத்துல நடந்ததைத்தானே எழுதணும்?"

கடிகாரக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "கூட்டத்துக்கு முந்தின நாளே எழுதறவரு நீங்க. ஊருக்கே தெரியும். முந்தி எழுதலாம், பிந்தி எழுதக் கூடாதா?"

'இருவர்' ஆயிற்று.

இரண்டாம் மாடித் தையல்காரம்மா கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே பேசினாள். "கடிகார அண்ணன் தூக்கினாரேன்னுதான் நான் தூக்கினேன். அவருக்கே வேண்டாம்னா எனக்கு எதுக்கு? மெத்தை உறையெல்லாம் எங்க காயப்போடுவேன்?" எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் தான் கையே தூக்கவில்லை என்றாள். சோம்பல் முறித்தாளாம், அதையும் எண்ணிவிட்டார்களாம். அடுத்த வீட்டில், கணவர் தானாகத்தான் கையைத் தூக்கினார் என்று மனைவியும், மனைவிதான் தொடையில் இடித்தாள் என்று கணவரும் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். முட்டி வலித்தது.

மூன்றாம் மாடி முடிந்தபோது அந்த வரி காயத்துக்குக் கட்டுப்போட்டதுபோல் இருந்தது. ஒருவர் அடித்து இருவர், இருவர் அடித்து மூவர், ஐவர், எண்மர். கடைசியில் 'பதினொருவர் நீங்கலாக'. பத்தொன்பதில் பதினொன்று போனால் தீர்மானம் தோற்றது என்று அர்த்தம். தோற்ற தீர்மானத்தை எப்படி எழுதுவது என்று அவருக்குத் தெரியாது. எழுதிப் பழக்கமில்லை.

படியில் உட்கார்ந்து நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டினார். ஒரு கோடு இல்லை, ஒரு கறை இல்லை. அத்தனை பக்கத்திலும் யாருடைய தொடையை யார் இடித்தார்களோ.

நான்காவது மாடிக் கதவைச் செயலாளரே திறந்தார். மேசைமேல் புதுப் பூட்டு, அட்டைப்பெட்டியோடு. பக்கத்தை நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் பார்த்தார்.

"என்ன சார் இது, எக்ஸ்ரே மாதிரி?"

"எல்லாரும் சொன்னது."

"எல்லாருக்கும் சம்மதம்னு நினைச்சுத்தானே பூட்டு வாங்கினேன்! இப்போ கதவு மோதறதுக்கு என்ன பண்றது?"

"சுவத்துல ஒரு கொக்கி அடிச்சு மாட்டிட்டா மோதாது."

"யார் சொன்னது?"

"வீட்டம்மா."

"இதைக் கூட்டத்துலயே சொல்லியிருக்கலாமே?"

"யாரும் கேக்கலையே, டாக்டர்."

செயலாளர் சுருக்கொப்பம் போட்டார். டாக்டர் கையெழுத்து, ஆதரவா எதிர்ப்பா என்று எந்த மருந்துக்கடைக்காரராலும் படிக்க முடியாது.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஏகமனது சார் வெற்றுப் பக்கத்தோடு வந்தார். பரீட்சைக்குப் படிக்காமல் வந்தவர்போல் பேனாவை மூடி மூடித் திறந்தார். தீர்மானம்: கதவுக்குக் கொக்கி, பூட்டு வேண்டாம். கைகள் உயர்ந்தன. செயலாளர் எண்ணிக்கொண்டே வந்து கடைசி வரிசையில் நின்றார்.

"என்னம்மா, உங்க கை?"

"யோசிக்கிறேன்" என்றாள்.

கூடமே அவளைப் பார்த்தது. தூக்கிய கைகள் வலித்தன, யாரும் இறக்கவில்லை. ஏகமனது சார் பேனாவைத் தாளிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். ஒருவர் யோசித்து முடிக்கும்வரை அவர் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. தோள்பட்டை கடுத்தது.

அவள் கையைத் தூக்கினாள். அவர் எழுதினார்.

மறுநாள் மாலை ஐந்தரைக்கு அவரும் மாடி ஏறினார். கதவு கொக்கியில் மாட்டிச் சுவரோடு ஒட்டி நின்றது. தண்ணீர்த் தொட்டியின் ஓரத்தில் அவள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவர் வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் உட்காரப் போனார்.

"என்னங்க?"

"சும்மாதான். எல்லாருக்கும் திறந்ததுதானே."

"எல்லாருக்கும்தான்" என்றாள். "நீங்க கீழ போங்க. ஆறு மணிக்கு வரேன்."

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டார். பிறகு படியிறங்கினார். நான்காவது மாடியில் செயலாளர் வாசலில் நின்று, "என்ன சார், அதுக்குள்ள இறங்கிட்டீங்க?" என்று கேட்டார்.

"தீர்மானம் ஆயிடுச்சு" என்றார்.

"ஏகமனதாகவா?"

"எங்க? என்னைக் கேக்கவே இல்லை."