ஈர்க்கில் குத்திய மிளகாய்

சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று வீட்டில் கேலி செய்வார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், பெட்டாலிங் ஜெயாவில் வானிலை முன்னறிவிப்பு எழுதும் வேலை எனக்கு. பிரிக்பீல்ட்ஸில் பசியாறிவிட்டு பஸ் ஏறிப் போனால், மேசையில் வெளிநாட்டுக் கணினி கணித்து அனுப்பிய வரைபடம் காத்திருக்கும். அதைக் கண்டாலே எனக்கு ஆகாது. உலகத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கிள்ளானையும் கோலாலம்பூரையும் பாதிக் கடலையும் ஒரே கட்டத்துக்குள் அடைத்துவிடும். பிரிக்பீல்ட்ஸில் வெயில் கொளுத்தும்போது கிள்ளானில் வெள்ளம் ஓடுவதை அது எங்கே கண்டது? துணைக்கோள் படம், பலூன் கொண்டுவந்த காற்றுக் கணக்கு எல்லாவற்றையும் பார்த்து, ஜன்னலையும் ஒருமுறை எட்டிப் பார்த்த பிறகுதான் ஒரு வரி எழுதுவேன்.

அந்த ஆவணியில் கிள்ளான் பக்கத்துப் பண்டமாரானில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம். கோயிலில் தாலி கட்டு, பக்கத்துத் திடலில் பந்தல் போட்டு விருந்து. மாப்பிள்ளை துறைமுகத்தில் லோரி ஓட்டுபவர். எந்த வேலையிலும் நிலைத்ததில்லை என்று கேள்விப்பட்டு, வேண்டாம் என்று நான் முன்பே சண்டை போட்டிருந்தேன். என் பேச்சு எடுபடவில்லை.

கல்யாணத்துக்கு முதல் நாள் கணினி, மழை இல்லை என்றது. எனக்கு மனம் ஒப்பவில்லை. தென்மேற்குக் காற்று வலுத்திருந்தது. அப்படிப்பட்ட நாட்களில் சுமத்ரா பக்கமிருந்து நீரிணையைத் தாண்டி, காலையில் சூறைக்காற்றும் மழையும் வந்து கரையில் அறையும். வேலை முடிந்ததும் நேரே பண்டமாரான் போனேன். தங்கை திடலின் மூலையில் குனிந்து, மிளகாயும் வெங்காயமும் குத்திய தென்னை ஈர்க்கை மண்ணில் நட்டுக்கொண்டிருந்தாள். மழையைத் தடுக்க எங்கள் பக்கத்தில் எல்லா இனத்தாரும் செய்வதுதான். இருந்தாலும் வானிலைக்காரன் தங்கை செய்யலாமா?

“காலையில காத்து மழ வரும். விருந்த ஸ்கூல் மண்டபத்துக்கு மாத்திரு.”

“கம்ப்யூட்டர் என்னா சொல்லுது அண்ணே?”

“வராதுன்னுதான் சொல்லுது. நான் அத நம்பல.”

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். “கம்ப்யூட்டருக்குத் தெரியாத மழ ஒங்களுக்கு மட்டும் தெரியுதா? மாப்ளய ஒங்களுக்குப் புடிக்கலலா. அதான்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கோபம் கரைந்து, வேறொன்று அரிக்க ஆரம்பித்தது. காற்றுக் கணக்கைப் பார்த்துத்தான் சொன்னேனா, அந்தப் பையனை நினைத்துச் சொன்னேனா? அதுவரை கணினியைச் சந்தேகித்தவன், முதல் முறையாக என்னையே சந்தேகித்தேன்.

மறுநாள் தாலி ஏறி, முதல் பந்திக்கு இலை போட்ட நேரம், மேற்கே வானம் கறுத்தது. காற்று பந்தலைப் பிய்த்து எறிந்தது. சாம்பார் வாளியில் மழை கொட்டியது. பெண்ணின் தலைக்கு மேல் மாப்பிள்ளை ஒரு பாயைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குள் ஓடினார். நான் நனைந்தபடி நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்தேன். தங்கை என் எதிரே வந்து நின்றாள்.

“நெனச்சது நடந்துருச்சா அண்ணே?”

என் தொழிலில் அவ்வளவு சரியாக நான் சொன்ன நாட்கள் குறைவு. அன்றைக்கு மட்டும் அது பொய்த்துப்போயிருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

அவளுடைய இளைய மகளின் கல்யாணத்துக்கு என்னிடம் யாரும் வானிலை கேட்கவில்லை. தாய்மாமன் நான், மாப்பிள்ளை யார் என்பதையே அழைப்பிதழைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.