ஒத்தையாளின் வாய்க்கரிசி

அந்த நாளை நினைத்தால் முதலில் எனக்குத் தெரிவது மூடுபனிதான். கேமரன் மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் காலையில் வரும் பனி வெயில் ஏறியதும் போய்விடும். அன்று போகவில்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களுக்கு நடுவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்குள்ளிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். முதலில் கால்கள், பிறகு குடை, கடைசியில் முகம். ஒவ்வொருவரின் மூடிய கைக்குள்ளும் கொஞ்சம் அரிசி இருந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. எண்பதைத் தாண்டிய பிறகு இதை எழுதுகிறேன்; பனியை நான் கூட்டிச் சொல்கிறேன் என்றால் அது கண்ணின் கோளாறாகவும் இருக்கலாம். நான் செய்தது மட்டும் பனியில்லாமல் தெரிகிறது.

இறந்தவரை எல்லாரும் ஒத்தையாள் என்றுதான் அழைத்தார்கள். ஆலையில் தேயிலை சலிக்கும் வேலை அவருக்கு. அவருக்கு முன்னால் எங்கள் தோட்டத்தில் சிரிப்பு என்பது திருவிழாக் கூத்தில் கோமாளி வரும்போது கிடைப்பது. முகத்தில் அரிதாரம், தலையில் கூம்புத் தொப்பி, பின்னால் மத்தளம். அவன் விழுவான், நாங்கள் சிரிப்போம். ஒத்தையாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் திடலில் காலித் தேயிலைப் பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். வேலைக்குப் போகும் அதே காக்கி அரைக்கால் சட்டை. மத்தளம் இல்லை, பாட்டு இல்லை, உடன் பேச ஜோடி இல்லை. தனியாகப் பேசினார். ராஜா கதையும் இல்லை, சாமி கதையும் இல்லை. அந்த வாரம் எங்களுக்கு என்ன நடந்ததோ அதைப் பேசினார். குழாயடிச் சண்டை, கங்காணியின் ஓட்டைக் குடை, துரையின் நாய்க்கு வந்த காய்ச்சல். முதல் தடவை பாதிப் பேர், இந்த மனுஷனுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எழுந்து போய்விட்டார்களாம். என் அப்பா சொல்வார். அடுத்த ஞாயிறு அந்தப் பாதிப் பேர்தான் முன்வரிசையில் இருந்தார்கள். அப்பா தோட்டத்து லாரி ஓட்டினார். சில மாதங்களில், பிரிஞ்சாங் பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட ஆட்களை ஏற்றிவரச் சொல்லி அவரைக் கெஞ்ச ஆரம்பித்துவிட்டார்கள்.

அது மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட அவசரகாலம். லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. அதற்கு ஒரே வாசல். காட்டில் ஒளிந்திருந்த அவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்பதால் ஒரு மணி அரிசிகூட வேலியைத் தாண்டக் கூடாது. கொழுந்து பறிக்கும் மலை வேலிக்கு வெளியே இருந்ததால், தினமும் காலையில் எல்லாரையும் வாசலில் நிறுத்திச் சோதிப்பார்கள். ஆண்களை மலாய்க் காவலர்கள் சோதிப்பார்கள். பெண்களைச் சோதிக்க என் பெரியம்மாவை வைத்திருந்தார்கள். அவள் விதவை, மகளோடு எங்கள் வீட்டில்தான் இருந்தாள். நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்பதால் அந்த வேலை அவளுக்குக் கிடைத்தது.

ஒத்தையாளின் பேச்சுகளிலேயே பெரிய பேச்சு இந்த வாசலைப் பற்றியதுதான். வெள்ளைக்கார சார்ஜெண்ட் அவரே, மாட்டிக்கொண்ட தொழிலாளியும் அவரே. மடியை அவிழ்ப்பார், தூக்குச்சட்டியைத் திறப்பார், தொப்பியைக் கவிழ்ப்பார். ஒன்றும் இல்லை. கடைசியில் சார்ஜெண்ட் வாயைத் திறக்கச் சொல்வான். கடைவாய்ப் பல்லில் முந்தின நாள் ஒட்டிய ஒரு சோற்றுப் பருக்கை. அவ்வளவுதான். விசில் ஊதி, பட்டாளத்தை வரவழைத்து, அந்தப் பருக்கைக்குக் கயிறு கட்டி இழுத்து, அதைக் கைதி என்று அறிவித்து லாரியில் ஏற்றுவார்கள். பருக்கை உறுமும், தப்பி ஓடும், மறுபடி பல்லுக்குள் ஒளியும். ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரிப்பார்கள். நடுவில் பெரியம்மாவையும் விடமாட்டார். ஒருத்தியைத் தடவிச் சோதித்தபடியே அவள் வீட்டு மாடு கன்று போட்டதா என்று விசாரிக்கும் பெரியம்மாவை அப்படியே செய்து காட்டுவார். அதற்கு அதிகமாகச் சிரித்தது பெரியம்மாதான்.

அந்தப் பேச்சில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. எங்கள் தோட்டத்திலிருந்து தானா ராத்தாவில் இங்கிலீஷ் பள்ளிக்குப் போன முதல் பையன் நான். ஒரு நாள் குழாயடியில் ஒத்தையாள் என்னைப் பிடித்து நிறுத்தினார்.

“வாத்தியாரே, வாயத் தொறன்னு வெள்ளக்காரன் எப்படிச் சொல்லுவான்? கொஞ்சம் சொல்லிக் குடு லா.”

சொல்லிக்கொடுத்தேன். மறு ஞாயிறு அந்த வார்த்தைகளைச் சார்ஜெண்டின் மூக்குக் குரலில் அவர் சொன்னபோது திடலே குலுங்கியது. அன்றிலிருந்து அந்தச் சிரிப்பில் பாதி என்னுடையது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டில் கண்ணாடி முன் நின்று அவர் நிற்பது போல நின்று பழகினேன். முக்கியமானதைச் சொல்வதற்கு முன் அவர் ஒரு நொடி சும்மா இருப்பார். அதைத்தான் நான் அதிகம் பழகினேன்.

தேயிலைத் தூள் அவர் நெஞ்சில் இறங்கியிருந்தது. மேடையில் இருமினார். அதுவும் பேச்சில் சேர்ந்தது என்று நாங்கள் சிரித்தோம். அடுத்த வாரமும் சிரித்தோம். பிறகு அவர் திடலுக்கு வரவில்லை. மழைக்காலத்தில் ஒரு விடிகாலை, தோட்டத்து ஆஸ்பத்திரியில் போய்விட்டார் என்று சொன்னார்கள்.

பிணத்துக்கு வாய்க்கரிசி போடுவது உறவுக்காரர்களுக்கு உரியது. சுடுகாட்டில் வைத்துப் போடுவார்கள். எங்கள் சுடுகாடோ வேலிக்கு வெளியே, மலைச்சரிவில். அரிசியை வெளியே கொண்டுபோக முடியாது என்பதால் பெரியவர்கள் கூடி, வாய்க்கரிசியை லயத்திலேயே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார்கள். போட்டுக்கொண்டிருந்தபோதுதான் பனிக்குள்ளிருந்து ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தவர்கள்கூட இருந்தார்கள். அவர்களுக்கும் சேர்த்து எங்கள் லயத்து ஆட்கள், தங்களுக்கு அளந்து கொடுக்கும் ரேஷன் அரிசியிலிருந்து எடுத்திருந்தார்கள். ஒத்தையாளின் தங்கை புருஷன், உறவுக்காரர்கள் மட்டும் போட்டால் போதும் என்று தடுத்தார். வரிசையில் முதலில் நின்ற கொழுந்துக்காரி ஒருத்தி நகரவில்லை.

“அந்த மனுசன் எங்க வீட்டு வெவகாரத்தையெல்லாம் ஊருக்குச் சொன்னாரு. உறவு இல்லாமயா சொன்னாரு?”

அவர் வழி விட்டார். வரிசை நகர்ந்தது. சிலர் அரிசியைப் போட்டுக்கொண்டே அவர் சொன்ன ஏதாவது ஒன்றை முணுமுணுத்தார்கள். பின்னால் நிற்பவர் அழுதுகொண்டே சிரித்தார். வாய் நிறைந்து, தாடையைக் கட்டிய துணிக்குள்ளும் அரிசி இறங்கியது. இன்று நினைத்தால், யாரும் காலால் நடக்கவில்லை, பனிதான் அவர்களைச் சுமந்து வந்து சுமந்து போனது என்று தோன்றுகிறது.

சுடுகாட்டுக்கு இருபது பேர்தான் போகலாம் என்று உத்தரவு. மற்றவர்கள் வேலிக்கு உள்ளே கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நின்றார்கள். நான் வாசலில் பெரியம்மாவின் பக்கத்தில் நின்றேன். பாடை வந்தது. சார்ஜெண்ட் இளவயதுக்காரன். முந்தின வாரம் காய்கறிக் கூடைக்குள் அரிசி பிடிபட்டு, மேலதிகாரியிடம் வசவு வாங்கியிருந்தான் என்று பிறகு சொன்னார்கள். ஆனாலும் பாடையைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான். காவலர்கள் வாசலைத் திறந்தார்கள். பறைக்காரர்கள் நிறுத்திவிட்டார்கள். ஒரு சத்தமும் இல்லை.

அந்த அமைதி எனக்குத் தெரிந்த அமைதி. முக்கியமானதைச் சொல்வதற்கு முன் ஒத்தையாள் விடும் அமைதி அது. இனி அவர் சொல்லமாட்டார். நான்தான் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இங்கிலீஷில், என்னால் முடிந்தவரை அவர் குரலில், சொன்னேன்: சார், வாயையும் பாருங்கள், அரிசி கடத்துகிறார்.

சொல்லிவிட்டுச் சிரிப்புக்காகக் காத்திருந்தேன்.

சார்ஜெண்ட் என்னைப் பார்த்தான். அரிசியா, என்று கேட்டான். அங்கேயாவது நான் வாயை மூடியிருக்கலாம். ஒரு வெள்ளைக்காரன் என் இங்கிலீஷைப் புரிந்துகொண்டான் என்ற சந்தோஷத்தில் தலையாட்டினேன். அவன் கையை உயர்த்தினான். வாசல் மூடியது.

பெரியம்மாவைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அவள் முடியாது என்று தலையசைத்தாள். அவன் மறுபடி சொன்னான். பாடையை இறக்கச் சொன்னார்கள். பெரியம்மா குனிந்து, தாடைக் கட்டை அவிழ்த்து, அவர் வாய்க்குள் இரண்டு விரலை விட்டு அரிசியை வழித்து முந்தானையில் போட்டாள். வழித்துக்கொண்டே இருந்தாள். இவ்வளவு பேரா போட்டார்கள் என்று நினைத்தேன். ஒத்தையாளின் தங்கை அலறிக்கொண்டு விழுந்தாள். பறிமுதல் செய்ததைப் போட வாசலில் ஒரு பிஸ்கட் தகரம் இருக்கும். ஒரு தொழிலாளியிடம் பிடித்த கருவாட்டின் மேல் அந்த அரிசி விழுந்தது.

தாடைக் கட்டை மறுபடி இறுக்க வரவில்லை. வாய் கொஞ்சம் திறந்தபடியே அவர் வாசலைத் தாண்டிப் போனார், அடுத்த வார்த்தையைச் சொல்லப்போகிறவர் போல. கம்பிக்குப் பின்னால் யாரோ ஒருவர் பழக்கத்தில் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பு பாதியில் அறுந்து ஒப்பாரியாக மாறியது. அதன் பிறகு கம்பி வேலி முழுவதும் அழுதது.

நான் பேசியது கம்பிக்குப் பின்னால் நின்றவர்களுக்குக் கேட்டிருக்காது, கேட்டிருந்தாலும் புரிந்திருக்காது; பாடையோடு நின்றவர்களுக்கும் அந்த இங்கிலீஷ் புரியவில்லை. அவர்கள் கண்டது, சார்ஜெண்டும் பெரியம்மாவும் தாழ்ந்த குரலில் பேசியதையும், பிறகு அவள் விரல்களையும்தான். சாயங்காலத்துக்குள் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது, காட்டிக்கொடுத்தது யார் என்று. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. என் பெரியம்மா மகளை, அக்காவை, ஒத்தையாளின் தங்கை மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சம்பந்தம் முறிந்தது; பரிசம் போட வாங்கிய சேலையை அவர்கள் வேறொரு பெண்ணுக்குக் கொடுத்தார்கள். இரண்டு வருஷம் கழித்து, கம்போங் ராஜாவில் காய்கறித் தோட்டம் வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவருக்கு அக்கா இரண்டாம் தாரமாகப் போனாள். என் அப்பாகூடப் பெரியம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் உண்மையைச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, அவள் சாகும்வரைக்கும் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை, இப்போது சொல்ல அவளும் இல்லை.

அன்று சாயங்காலம் பெரியம்மா கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்தப் பக்கம் போனேன். நிமிர்ந்து பார்க்காமலேயே சொன்னாள்:

“சாமி, இனிமே அந்த வெள்ளக்காரங்கிட்ட இங்கிலீசு பேசாத. பள்ளிக்கூடத்தோட வெச்சுக்க. யாரு கேட்டாலும் நீ வாசல் பக்கமே வரலைன்னு சொல்லு, என்ன?”

எனக்குக் கோபம் வந்தது. நாலைந்து வார்த்தை தெரிந்த இவளுக்கு என் இங்கிலீஷைப் பார்த்துப் பொறாமை என்று நினைத்தேன். அவளோடு பேசக் கூடாது என்று முடிவு செய்து, ஒரு மாதம் பேசாமல் இருந்தேன். தோட்டத்தில் ஒருவருமே அவளோடு பேசாததால், நான் பேசாமல் இருப்பது அவளுக்குத் தனியாகத் தெரியாமல் போய்விடுமே என்பது மட்டும்தான் அப்போது எனக்கு வருத்தமாக இருந்தது.