வெள்ளைத் தொப்பிப் போலீஸ்காரர்

எனக்கு முன்கோபம் ஜாஸ்தி. இப்போது ஒப்புக்கொள்கிறேன். அந்த வயசில் யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்கே போயிருப்பேன்.

தொண்ணூற்றேழில் நாங்கள் நியூ ஜெர்சியில், ஐசலினில் இருந்தோம். பயப்படாமல் லீவு கேட்கிற அளவுக்குக் கணவருக்கு வேலை நிலைத்தது அந்த வருஷம்தான். ஃப்ளோரிடா வரை விமானம், அங்கிருந்து நாலு நாள் கப்பல். நடுவில் ஒரு நாள் மத்தியானம் பஹாமாஸின் தலைநகரமான நாசாவில் இறங்கி ஊர் சுற்றிவிட்டு, ஐந்து மணிக்குள் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். சின்ன ஊர், டாக்ஸியே வேண்டாம், எல்லாம் நடக்கிற தூரம்தான் என்று கணவர் மேப்பைப் பார்த்துச் சொல்லிவிட்டார். எங்கள் மகளுக்கு ஐந்து வயசு. அமெரிக்காவிலேயே பிறந்தவள். வாசலில் ஏறினால் கார், கடையில் இறங்கினால் தள்ளுவண்டி. நடக்கிற தூரம் என்றால் என்னவென்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்?

முதலில் ராணிப் படிக்கட்டு. அடிமைகள் பாறையைக் குடைந்து வெட்டியதாம், அறுபத்தைந்து படி. பாதியிலேயே மகள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "தூக்கு" என்று நின்றுவிட்டாள். தூக்கினேன். மேலே போய் இறக்கிவிட்டதும் மறுபடி தூக்கு. வெயில் மண்டையைப் பிளக்கிறது, இடுப்பு விட்டுப்போகிறது, இவர் பாட்டுக்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார். இரண்டு தடவை கொஞ்சினேன். மூன்றாவது தடவை வாயில் வந்துவிட்டது.

"நடக்கலைன்னா போலீஸ்காரர்கிட்ட பிடிச்சுக் குடுத்துடுவேன்."

இது நான் கண்டுபிடித்த வசனம் இல்லை. சென்னையில் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் இதைக் கேட்டுக்கொண்டேதான் சாதம் சாப்பிட்டோம். எந்தப் போலீஸ்காரரும் வந்ததில்லை. வரமாட்டார் என்பது உள்ளுக்குள் எங்களுக்கும் தெரியும். ஐசலினில் நானும் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன், இவள் காதிலேயே போட்டுக்கொண்டதில்லை. ஆனால் இந்த ஊரில் நாற்சந்தி நடுவில், ஒரு சின்ன மேடைமேல், வெள்ளைக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக நிஜமாகவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மகள் அவரை அண்ணாந்து பார்த்தாள். அப்புறம் கிடுகிடுவென்று நடக்க ஆரம்பித்தாள். அடடே, வேலை செய்கிறதே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

இரண்டு தெரு தள்ளி எட்டு மூலையுள்ள ஒரு ரோஸ் நிறக் கட்டடம். இப்போது நூலகம், அந்தக் காலத்தில் இது ஜெயிலாக இருந்ததாம் என்று கணவர் வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து வாசித்தார். நான் சும்மா இருப்பேனா? நடக்காத குழந்தைகளை இங்கேதான் போட்டுப் பூட்டுவார்கள் என்றேன். கணவர் போதும் விடு என்றார். அம்மாவும் கூட இருப்பாங்களா என்று இவள் இங்கிலீஷில் கேட்டாள்.

"அம்மாவெல்லாம் கிடையாது," என்றேன்.

கடைசியாக, ஓலையில் பின்னிய சாமான்கள் விற்கிற கடலோரத்து ஓலைச் சந்தைக்கு வந்தோம். கூரைக்குக் கீழே வரிசை வரிசையாக மேஜைகள், கழுத்துவரை கூடைகள், பைகள், தொப்பிகள். நான் ஒரு பையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கால் வலிக்கிறதாம். எனக்கு வந்ததே கோபம். சரி, நீ இங்கேயே உட்காரு, நான் போய் அந்தப் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். பத்தே அடி. பின்னாலேயே ஓடி வருவாள், எல்லாக் குழந்தையும் ஓடி வரும்.

திரும்பினேன். அவள் இல்லை.

கேமராவில் ஃபிலிம் மாற்றிக்கொண்டிருந்த கணவர் உன்கூட இல்லையா என்று கேட்டார். சந்தைக்குப் பின்பக்கம் தடுப்பே இல்லாமல் கடல். அவர் தண்ணீர்ப் பக்கம் ஓடினார். நான் நாற்சந்திக்கு ஓடி அந்தப் போலீஸ்காரர் கையைப் பிடித்துக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷன், இன்னொருவரை மேடையில் நிறுத்திவிட்டு உடனே என்னோடு வந்தார். சொன்னது மாதிரியே அவரைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குள் போனேன். அது அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

மூன்று சுற்று சுற்றினோம். கண்ணு, செல்லம், எங்கே இருக்கே என்று தொண்டை கிழியக் கத்தினேன். முக்கால் மணி நேரம். இனி இந்த ஊரிலிருந்து எந்த முகத்தோடு கிளம்புவேன் என்று அழுதுகொண்டே நடந்தேன்.

மூன்றாவது சுற்றில் கூடை விற்கும் ஒரு பெண்மணி என் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். போலீஸ்காரரைப் பார்த்து, நீ அங்கேயே நில் என்று கை காட்டினாள். என்னைத் தன் மேஜைக்கு அழைத்துப்போய், தொங்கிக்கொண்டிருந்த துணியைத் தூக்கினாள். அடியில், கூடைகளுக்கு நடுவில், முழங்காலைக் கட்டிக்கொண்டு என் மகள்.

அந்த மேஜையை நாங்கள் இரண்டு தடவை தாண்டிப் போயிருக்கிறோம். என் குரல் அவளுக்குக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் துணி இடுக்கு வழியாகப் பார்த்திருக்கிறாள். அம்மா போலீஸோடு வருகிறாள், சொல்லிவிடாதே என்று அந்தப் பெண்மணியிடம் கெஞ்சினாளாம். அவளும் என்னை ஏதோ கொடுமைக்காரி என்றே நினைத்தாளாம். நான் அழுவதைப் பார்த்த பிறகுதான் மனசு மாறியதாம். இந்தக் குழந்தையிடம் நீ என்ன சொல்லி வைத்தாய் என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டாள்.

வா கண்ணு என்று கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால், தூரத்தில் தெரிந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தாள். தானாகவே தவழ்ந்து வெளியே வந்து, எழுந்து, கவுனைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

"ஐ வில் வாக், அம்மா," என்றாள். "சீ? ஐ'ம் வாக்கிங்."

கப்பல் வரை நடந்தாள். எங்கள் இரண்டு பேர் கையையும் பிடிக்காமல், முன்னால், நொண்டிக்கொண்டே. குதிகாலில் செருப்பு கடித்து ரத்தம் வந்திருந்ததை அப்போதுதான் பார்த்தேன். கால் வலிக்கிறது என்று அவள் சொன்னது நிஜம். கணவர் தூக்க வந்தார், விடவில்லை. நான் குனிந்து, அம்மா தூக்கிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நான் பார்க்கிறேனா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் வேகமாக நடந்தாள்.