இல்லாத ஆளுக்கு வந்த அட்டைகள்

திருச்சியில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் தபால் மேஜை என்னுடையது. வருகிற கடிதங்களைப் பதிவேட்டில் ஏற்றி, துறை துறையாகப் பிரித்து அனுப்ப வேண்டும். என் படிப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது. அதற்குப் பிறகு எனக்கு வந்த ஆங்கிலமெல்லாம் உறைகளின் மேலிருந்த முகவரிகளைப் படித்து வந்ததுதான். அந்தப் பதிவேட்டின் கடைசிப் பக்கங்களில் இன்னொரு பதிவும் வைத்திருந்தேன். யார் வாயிலாவது நல்லதாக ஒரு வார்த்தை விழுந்தால் அங்கே குறித்துக்கொள்வேன். கீழே வருகிற பேச்செல்லாம் அங்கிருந்து எடுத்தவை.

எழுபதுகளின் கடைசியில் ஒரு பழக்கம் இருந்தது. இங்கே ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஏதாவது பத்திரிகையில் வந்தால், அதைப் படிக்க ஆசைப்பட்ட வெளிநாட்டுக்காரர்கள் அட்டை போடுவார்கள். ‘தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்பினால் நன்றியுடையவனாவேன்’ என்று அச்சடித்திருக்கும். பெயரும் தலைப்பும் மட்டும் தட்டச்சில் இருக்கும். வேதியியல் பேராசிரியர் தமக்கு வந்த அட்டைகளை மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பரப்பி வைத்திருப்பார். அவரைப் பார்க்கப் போகிறவர்கள் காப்பி வரும்வரை ஜெர்மனி, கனடா என்று குனிந்து படித்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படித்தான் ஒரு நாள், எங்கள் கல்லூரியில் இல்லாத ஒரு டாக்டருக்கு அட்டை வந்தது. ஆண் பெயர், நல்ல பெருமாள் பெயர். கல்லூரியும் ஊரும் சரியாக இருந்தன, துறை போடவில்லை. கட்டுரைத் தலைப்பில் இருந்ததோ எனக்கு விளங்காத லத்தீன். ஆசிரியர் பட்டியலை இரண்டு முறை மேலிருந்து கீழாகப் பார்த்துவிட்டு, தபால்காரரிடம் நீட்டினேன்.

“அப்படி ஒருத்தரும் இங்க இல்லீங்க. திருப்பி எடுத்துக்கிட்டுப் போங்க.”

“திருப்பின்னா எங்க சார், அமெரிக்காவுக்கா? என் சைக்கிள் காவேரிப் பாலம் ஏறவே மூச்சு வாங்குது.”

அட்டை என்னிடமே தங்கியது. அப்புறம் இன்னொன்று வந்தது, அதற்குப் பின் மூன்று. பெயர் எழுதிய காகிதத்தைக் கிழிக்க எனக்குக் கை வராது. ஒரு செருப்புப் பெட்டியில் போட்டு பீரோவுக்கு மேலே வைத்துவிட்டேன். நாலைந்து வருஷத்தில் பெட்டி பாதிக்கு மேல் நிரம்பிவிட்டது. அந்தப் பெயரைக் கண்டால் என் கை தானாகவே பீரோப் பக்கம் போகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு குழு வருவதாக ஓலை வந்தது. எந்தெந்தத் துறையில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு மாணவர்களைச் சேர்க்கலாம் என்று பார்த்துச் சொல்வார்களாம். ஒவ்வொரு ஆசிரியரும் எத்தனை கட்டுரை எழுதினார், அதை உலகத்தில் எத்தனை பேர் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டினார்கள் என்று கணக்குக் கேட்டார்கள். முதல் கேள்விக்குப் பதில் எல்லோரிடமும் இருந்தது. இரண்டாவதற்கு மெட்ராஸுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஒரு பெரிய நூலகத்தில் சைட்டேஷன் இண்டெக்ஸ் என்று தடித்தடியான புத்தகங்கள் இருந்தன. யாருடைய கட்டுரையை யார் எடுத்துக்காட்டினார்கள் என்று பெயர் வரிசைப்படி எறும்பு எழுத்தில் போட்டிருக்கும்.

நான் தட்டச்சு செய்துகொடுத்த ஆசிரியர் பட்டியலோடு எங்கள் நூலகர் ராக்ஃபோர்ட் எக்ஸ்பிரஸ் ஏறினார். மூன்றாம் நாள் கண் சிவந்து திரும்பி வந்து, “உலகம் பூரா அடுத்தவன் எழுதினதைப் படிக்கத்தான் செய்யுதுய்யா. நாமதான் நம்ப மாட்டேங்கிறோம்” என்றார். வேதியியலுக்குப் பன்னிரண்டு, இயற்பியலுக்கு ஏழு. விலங்கியலில் பெயர் சொல்லும்படி ஆராய்ச்சி செய்தவர் ஒரே ஒரு அம்மாள். அவர் பெயருக்கு எதிரே பூஜ்யம் என்று இருந்தது.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருகிறவர் அவர். கோடையில் கொள்ளிடம் வற்றும்போது சேற்றுக்குள் விரால் மீன் எப்படி உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. மார்க்கெட்டில் உயிர் விரால் வாங்கி வாளியோடு பஸ் ஏறுவார். “மாமி வீட்ல இன்னைக்கு விசேஷமா?” என்று கண்டக்டர் கேட்பாராம். “மீன் எனக்குப் பாடம் சொல்லித் தர வரது. நீங்க ரெண்டு டிக்கெட்டா கிழிங்கோ” என்பாராம். அவரிடம் ஆராய்ச்சி செய்ய இரண்டு மாணவிகள் காத்திருந்தார்கள். ஒருத்திக்கு வீடு துவாக்குடி. மெட்ராஸுக்கு அனுப்ப வீட்டில் ஒப்பவில்லை. திருச்சியில் இடம் கிடைக்காவிட்டால் கல்யாணம் என்று முடிவாகியிருந்தது.

குழு வர ஐந்து நாள் இருக்கும்போது, தம் கட்டுரைத் தலைப்புகளைத் தட்டச்சு செய்ய அந்த அம்மாள் என் மேஜைக்கு வந்தார். அந்தப் பூஜ்யத்தை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“பரவாயில்லை சார். மீன் படிச்சிருக்கும்” என்று சிரித்தார். சிரித்த முகம் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டது.

தலைப்பைப் பார்த்து அடிக்க அவருடைய கட்டுரைப் பிரதியைக் கையில் வாங்கினேன். தலைப்புக்குக் கீழே அவர் பெயர் இருந்தது. அதை ஒட்டி, முழுசாக, அந்தப் பெருமாள் பெயர்.

“மேடம், இது யாரு?”

“எங்கப்பா. இனிஷியலை விரிச்சு எழுதுங்கோன்னு அந்தப் பத்திரிகைக்காரா கேட்டா. அப்பா பேரைப் பின்னாடி போட்டேன். அப்போ எனக்குக் கல்யாணம் ஆகலை. இப்ப இனிஷியல் இவரோடதாப் போச்சு.”

அண்ணாந்து பீரோவைப் பார்த்தேன். வெள்ளைக்காரர் ஊரில் பின்னால் வருவதுதான் ஆளின் பெயர். அவர்களுக்கு இந்த அம்மாள் இல்லவே இல்லை, அப்பாதான் விஞ்ஞானி! நாலைந்து வருஷமாக இவருக்கு வந்த தபாலைப் பெட்டியில் அடைத்துவைத்தவன் நான். மெட்ராஸில் தேடப் பெயர் அடித்துக் கொடுத்தவனும் நானே.

சொல்லாமல் விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்வானேன், தோன்றத்தான் செய்தது. பிறகு நாற்காலி மேல் ஏறி, தூசியோடு பெட்டியை இறக்கி, அவர் முன்னால் கவிழ்த்தேன். “மேடம், என்னை என்ன வேணா சொல்லுங்க. இதெல்லாம் உங்களுது” என்றேன்.

ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். போலந்து, ஜப்பான், பிரேசில். நான் திட்டுக்குக் காத்து நின்றேன். அவர் அட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“எங்கப்பா பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல பிட்டர் சார்! எட்டாங்கிளாஸ். அவரைப் போய் ஜப்பான்காரன் ‘டியர் டாக்டர்’ங்கறான். இருந்திருந்தா ஷிப்டுக்கு ஷிப்டு சொல்லிண்டு திரிஞ்சிருப்பார்.” அட்டைகளை அடுக்கிக்கொண்டே, “அஞ்சு வருஷமா யாருமே படிக்கலைன்னு நெனச்சிண்டிருந்தேன்” என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அட்டை கேட்டது கேட்டதுதான், எடுத்துக்காட்டியதாகக் கணக்கில் வராது என்று நூலகர் சொன்னார். மெட்ராஸில் அவருக்கு ஒரு தம்பி இருந்தார். காலையில் பதிவு செய்த ட்ரங்க் கால் மத்தியானம் கிடைத்தது. “அப்பா பேர்ல பாருடா, அப்பா பேர்ல! நம்ம அப்பா இல்லடா, அந்தம்மாவோட அப்பா!” என்று நூலகர் கத்தியதில் பக்கத்து வகுப்பு பாடத்தை நிறுத்திவிட்டது.

அடுத்த நாள் முழுக்க ஒன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் தந்தி வந்தது. என் மேஜைக்கு வருகிற எதையும் நான் அவசரப்பட்டுப் பிரித்தவனில்லை. அன்றைக்குப் பதிவேட்டில் ஏற்றும் முன்பே பிரித்தேன். ‘அப்பா பெயரில் இருபத்தொன்று. விவரம் தபாலில்.’

விலங்கியல் கட்டடம்வரை ஓடினேன் என்று சொல்ல மாட்டேன். செருப்பு ஒன்று வழியில் கழன்றது, அதை எடுக்க நிற்கவில்லை, அவ்வளவுதான். தந்தியைப் படித்த அந்த அம்மாள் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து, “ஒரு டம்ளர் தண்ணி” என்றார். பக்கத்தில் தொட்டியில் ஒரு விரால் மேலே வந்து காற்றைக் குடித்துவிட்டு உள்ளே போயிற்று. வேதியியல் பேராசிரியர் கேள்விப்பட்டு, “ஒரு பிட்டர் என்னைத் தோற்கடிச்சுட்டாரேய்யா!” என்றார். அன்று எல்லோருக்கும் காப்பி அவர் வாங்கியதுதான்.

குழுவின் தலைவர், இது எப்படி இவருடையதாகும் என்று கேட்டார். அந்த அம்மாள் விளக்கினார். பெரியவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்கு ஊர்ப் பேரும் இனிஷியல்ல உண்டு. கடைசியில போட்டுத் தொலைச்சேன். லண்டன்ல இருபது வருஷமா நான் டாக்டர் வையம்பட்டிதாம்மா” என்றார். கையெழுத்தும் போட்டார். துவாக்குடிப் பெண்ணின் அப்பா, சேர்க்கைக் கடிதத்தை என்னிடமிருந்தே வாங்கிக்கொண்டு போனார்.

பெட்டியிலிருந்த அட்டைகளுக்கெல்லாம், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டுப் பிரதி அனுப்பினோம். உறைகளின் முகவரியை நானே அடித்தேன். சில மாதம் கழித்து தபால்காரர் ஒரு புது அட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“சார், அந்த இல்லாத ஆளுக்கு மறுபடியும் வந்திருக்கு.”

“இருக்காருய்யா. குடுங்க இப்படி.”

“எப்பலேர்ந்து?”

“அஞ்சு வருஷமா.”

பதிவேட்டில் அந்தப் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினேன். எதிரே துறை என்ற இடத்தில் விலங்கியல் என்று போட்டேன்.