சம்பந்தி அடிக்காத நூறு கோல்

போன ஞாயிற்றுக்கிழமை கொல்கத்தா லேக் கார்டன்ஸில், எங்கள் தெரு கிளப்பில், மைக்கைப் பிடித்து ஒரு பொய் சொன்னேன். சின்னப் பொய் இல்லை. நூறு கோல் அளவுக்குப் பெரிய பொய்.

என் மகள் வித்யா கட்டிக்கொண்டது ஒரு ஸ்காட்லாந்துப் பையனை. இரண்டு பேருக்கும் நியூ டவுனில் வேலை. பையனின் அப்பா ஆங்கஸ் இப்போதுதான் முதல் தடவையாக இங்கே வந்திருக்கிறார். அவர் ஊரில் புரொஃபஷனல் ஃபுட்பால் ஆடி ரிட்டயர் ஆனவர், டிஃபெண்டர். ஃபுட்பால் பைத்தியம் பிடித்த இந்த ஊருக்கு இது போதாதா? கிளப் செக்ரட்டரி வீட்டுக்கே வந்துவிட்டார். சால்வை, பூங்கொத்து, சந்தேஷ் ஸ்வீட் டப்பாவோடு பாராட்டு விழா. அறிமுக உரை நான்.

காரில் போகும்போது, "எத்தனை கோல் போட்டிருக்கீங்க?" என்று ஆங்கஸிடம் கேட்டு வைத்தேன்.

"ஒண்ணு," என்றார். "அதுவும் தோள்ல பட்டு, தானா உள்ள போச்சு."

பதினாறு வருஷ ஆட்டம். மழையும் சேறுமாகச் சின்ன ஊர் கிளப்கள். இரண்டு தடவை மூக்கு உடைந்து, முழங்காலில் ஆபரேஷன் செய்து... ஒரே ஒரு கோல். எனக்குப் பகீரென்றது. பெண்ணைக் கொடுத்தவன் நான். சொந்தக்காரர்களிடம் மாப்பிள்ளையின் சம்பளத்தையே கொஞ்சம் ஏற்றிச் சொன்னவன். சம்பந்தியின் கோலை ஏற்றுவதா கஷ்டம்?

ஏற்றினேன். நூறு கோலுக்கு மேல் அடித்தவர் என்று வங்க மொழியில் முழங்கினேன். கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. ஒன்றும் புரியாமல் ஆங்கஸும் சிரித்தார் — வித்யா அவர் காதில் மொழிபெயர்த்துச் சொல்லும் வரை.

அப்போது முன்வரிசையில் நிமாய்தா எழுந்தார். எழுபது வயதுப் பெரியவர், இளமையில் இந்த ஊர் மைதானங்களில் லீக் ஆடியவர்.

"சேது பாபு, பேனர்ல ஸ்டாப்பர்னு போட்டிருக்கே. ஸ்டாப்பர் எப்படி நூறு கோல் போடுவார்?"

நடுவில் நின்று தடுக்கிற டிஃபெண்டரை இங்கே ஸ்டாப்பர் என்பார்கள். அது தெரியாத ஆளே கூட்டத்தில் கிடையாது. ஒரே சிரிப்பு. என் மானம் கப்பலேறியது. அது போகட்டும்... ஆங்கஸின் முகத்தைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"சேது, நான் செஞ்ச வேலை வெளிய சொல்ற மாதிரி இல்லையா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் தேவலை. மெதுவாகக் கேட்டார். வெட்கமாக இருந்தது எனக்கு.

காப்பாற்றியவர் நிமாய்தாதான். டீ குடித்த மண் கோப்பைகளை ஆட்டக்காரர்கள் மாதிரி மேஜையில் பரப்பி, "உங்களைவிட வேகமா ஓடற ஃபார்வர்டை எப்படிப் பிடிப்பீங்க?" என்றார். ஆங்கஸ் ஒரு கோப்பையை அரை அடி நகர்த்தினார். "ஓடிப் பிடிக்க மாட்டேன். அவன் வரப்போற இடத்துல முன்னாடியே போய் நிப்பேன்." அவ்வளவுதான். மொத்த கிளப்பும் மேஜையைச் சுற்றிக்கொண்டது. சால்வையை எல்லோரும் மறந்தே போனார்கள்.

மறுநாள் காலை ஆங்கஸுக்குக் காபியைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் அதை ஒதுக்கிவிட்டு, "நீங்க என்ன வேலை பார்த்தீங்க?" என்றார்.

"ரயில்வேல ஆபீசர்" என்று வாய் வரை வந்துவிட்டது. சம்பந்தி வீட்டாரிடம் அப்படித்தானே சொல்லி வைத்திருந்தேன்? விழுங்கிக்கொண்டு உண்மையைச் சொன்னேன். சாந்த்ராகாச்சி யார்டில் டிரெயின் எக்ஸாமினர். வண்டி கிளம்பும் முன் குனிந்து, சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, பிரேக்கைப் பார்த்து, கோளாறு இருந்தால் பெட்டியைக் கழற்றி நிறுத்துகிற வேலை. இத்தனை வருஷத்தில் எந்தப் பயணியும் எனக்கு நன்றி சொன்னதில்லை.

"நீங்க பார்த்து அனுப்பின வண்டி ஏதாவது கவிழ்ந்ததா?"

"ஒண்ணுகூட இல்லை."

ஆங்கஸ் காபியைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். "நீங்களும் ஸ்டாப்பர்தான், சேது."

ரிட்டயர்மென்ட் விழாவில் விழுந்த மாலைகூட எனக்கு இவ்வளவு கனக்கவில்லை.

அன்று முழுக்கப் பேசித் தீரவில்லை. சாயங்காலம் வித்யா வந்து, "ரெண்டு பேரும் காலையிலேர்ந்து அப்படி என்னப்பா பேசறீங்க?" என்றாள்.

"நடக்காம போன விஷயங்களைத்தாம்மா" என்றேன்.